நான் மனுஷன்: மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் ஏந்திய ஓர் அட்டையைப் பற்றிய திறனாய்வு

போராட்டச் சுவரொட்டிகளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓங்கிய கை, அறுந்த சங்கிலி, புகை கக்கும் ஆலை என்று வரிசையாகச் சொல்வார்கள். அது நியாயம்தான். 1968 மே மாதம் பாரிஸ் நகரத்து நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள், பட்டுத்திரை அச்சில் இரவு பகலாகப் போஸ்டர் அடித்துத் தள்ளினார்கள். அவற்றில் பாதிப் பேச்சைப் படமே பேசிவிட்டது. ஆனால் அதே ஆண்டில், அதற்கு இரண்டு மாதம் முன்னால், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் ஓர் அட்டை தெருவுக்கு வந்தது. அதில் படம் இல்லை, கட்சிப் பெயர் இல்லை, கோரிக்கைப் பட்டியல் இல்லை. வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் நான்கே சொற்கள்: "ஐ ஆம் எ மேன்". அந்த "ஆம்" என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. அந்த அட்டையைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் காகித வியாபாரி. தில்லி சாவ்ரி பஜாரில் முப்பத்தைந்து வருஷம் ரீம் கணக்கில் காகிதம் விற்றவன். தேர்தல் வந்தால் போஸ்டர் பேப்பர் எப்படிப் போகும் என்பதும், ஒட்டிய மறுநாளே அது எப்படிக் கிழிந்து எடைக்கு வரும் என்பதும் எனக்குக் கைக்கணக்கு. அச்சாகிற காகிதத்தில் மிகப் பெரும்பகுதி ஒரு வாரம் தாண்டுவதில்லை. அப்படியிருக்க, ஒரு நகராட்சி வேலைநிறுத்தத்துக்காக அடித்த அட்டை அரை நூற்றாண்டு தாண்டியும் உலகெங்கும் கையேந்தப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் காகிதத்தில் இல்லை. சொல்லில் இருக்கிறது, அதைச் சுமந்த ஆளில் இருக்கிறது என்பது என் முடிபு.

அட்டை பிறந்த கதை

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1968 பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸில் நல்ல மழை. எகோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் பின்பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது. பழுதான பழைய வண்டிகளை மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், நடக்கவில்லை. இறந்தவர் குடும்பங்களுக்கு நகரம் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கு 500 டாலரும். அவ்வளவே.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. முழுநேரம் உழைத்தும் அரசு உதவித் தொகையை வாங்கித்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் பல குடும்பங்கள் இருந்தன. மழை நாளில் கறுப்புத் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பிக் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள், வெள்ளையருக்கு முழுக் கூலி உண்டு. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்க வேண்டும், கூலி கூட்ட வேண்டும் என்பவை கோரிக்கைகள். மேயர் ஹென்றி லோப் இறங்கி வரவில்லை. பிப்ரவரி 23 ஊர்வலத்தில் போலீஸ் கண்ணெரிவுத் திரவம் அடித்தது, உடன் நடந்த பாதிரிமார்களும் தப்பவில்லை. மறுநாளே பாதிரிமார்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் ஜேம்ஸ் லாசன்.

இந்த லாசனை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொரியப் போருக்கு ஆள் சேர்ப்பதை மறுத்துச் சிறை சென்றவர். பிறகு 1953 முதல் 1956 வரை நம்ம நாக்பூரில், ஹிஸ்லாப் கல்லூரியில் பணிபுரிந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை இங்கே இருந்து கற்றார். மாண்ட்கமரி பஸ் மறியல் பற்றிய செய்தியை அவர் படித்ததே ஒரு நாக்பூர் பத்திரிகையில்தான். ஆக, மெம்ஃபிஸ் தெருவுக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவு நாமாக ஒட்டவைத்த உறவு அல்ல. மனிதனை மனிதனே அல்ல என்று நினைப்பதுதான் நிறவெறியின் உள்ளீடு என்ற கருத்தை லாசன் அந்த நாட்களில் பேசிவந்தார். அட்டையின் வாசகத்தில் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் லூசிக்கும், கிளேபார்ன் டெம்பிள் தேவாலயத்துப் பாதிரியார் மால்கம் பிளாக்பர்னுக்கும் பங்கு உண்டு என்பார்கள். அச்சானது அந்தத் தேவாலயத்திலேயே. ஊர்வலங்கள் கிளம்பியதும் அங்கிருந்துதான்.

உம்மையும் ஏகாரமும்

இனி வாசகத்துக்கு வருவோம். 1787இல் இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்தவர்களுக்காக ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் உற்பத்தியாளர் ஒரு சின்னம் செய்து கொடுத்தார். சங்கிலியில் கட்டுண்ட கறுப்பர் ஒருவர் மண்டியிட்டுக் கைகூப்புகிறார். சுற்றிலும் ஒரு கேள்வி: நான் ஒரு மனிதன், ஒரு சகோதரன் இல்லையா? சீமாட்டிகள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். அந்தச் சின்னம் நல்ல காரியம் செய்தது, மறுப்பதற்கில்லை. 1807இல் பிரிட்டன் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். அது கேள்வி. பதில் சொல்லும் அதிகாரம் எதிரே நிற்பவர் கையில் இருக்கிறது. "இல்லை" என்று அவர் சொன்னால் மண்டியிட்டவர் என்ன செய்வார்?

மெம்ஃபிஸ் அட்டை 181 வருஷம் கழித்து அந்தக் கேள்விக்குறியை நீக்கிவிட்டது. மண்டியிட்ட ஆள் எழுந்து நின்றார். வினா விடையாயிற்று.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. "நான் ஒரு மனிதன்" என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். அந்த "ஒரு" ஆங்கிலத்தின் நிழல், தமிழுக்கு அது வேண்டாம். அது மட்டுமில்லை, அவர்கள் அடிக்கோடு போட்ட "ஆம்" என்ற சொல்லுக்கு நேரான சொல்லே நம் வாக்கியத்தில் இல்லை. "அவர் ஆசிரியர்", "இது வீடு" என்று நிறுத்திவிடுகிறோம், இருக்கிறேன் என்ற சொல் நமக்குத் தேவைப்படுவதில்லை. அப்படியானால் எதற்கு அடிக்கோடு போடுவது?

தமிழன் அந்த அழுத்தத்தை இடைச்சொல்லில் வைப்பான். நம் வீடுகளில் அன்றாடம் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "நானும் மனுஷன்தானே!" ஆபீஸில் வேலை நெருக்கினால் சொல்கிறோம், வீட்டில் யாரும் கவனிக்காவிட்டால் சொல்கிறோம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, "நானும்" என்பதில் உள்ள உம்மை. எச்சப் பொருள் தரும் உம்மை அது. ஏற்கெனவே சிலர் மனிதர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் என்னையும் சேருங்கள் என்று கேட்கிறது. இன்னொன்று, "தானே" என்பதன் ஏகாரம். ஏகாரத்தின் பொருள்களில் தேற்றத்தையும் வினாவையும் தொல்காப்பியர் சேர்த்தே சொல்கிறார். உறுதி சொல்வதும் அதே எழுத்து, கேள்வி கேட்பதும் அதே எழுத்து. "தானே" என்று முடிக்கும்போது நாம் பாதி உறுதியாகவும் பாதி கெஞ்சலாகவும் நிற்கிறோம்.

ஆகவே "நானும் மனுஷன்தானே" என்பது வெட்ஜ்வுட்டின் சின்னம். மெம்ஃபிஸ் அட்டை அது அல்ல. உம்மையை எடு, தானேயை எடு, மிஞ்சுவதுதான் மெம்ஃபிஸ்: "நான் மனுஷன்." பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை, ஒப்புதல் கேட்கவில்லை. எந்தப் பொருளையும் "ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை" என்று ஏழு விதமாகப் பேசச் சொல்லும் சப்தபங்கியைப் படித்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கே, "ஒருவகையில்" என்ற சொல்லுக்கு இடமில்லாத வாக்கியமும் உண்டு என்று இந்த அட்டை காட்டியது.

இந்த வாக்கியம் யாருக்குப் பதில் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அறுபது வயது கறுப்பரைக்கூட வெள்ளைக்காரச் சிறுவன் "பாய்" என்று கூப்பிடுவான். நம்மூரில் தாத்தா வயதுக்காரரைப் பார்த்து "டேய், இங்க வாடா" என்பதற்குச் சமம் அது. அந்தக் கூப்பாட்டுக்குத்தான் 1,300 பேர் இப்படிப் பதில் சொன்னார்கள்.

நான், நாங்கள்

இரண்டாவது சிறப்பு, அந்த "நான்". தொழிற்சங்க அட்டை என்றால் "நாங்கள்" என்றுதானே இருக்கும்? எங்கள் கூலி, எங்கள் உரிமை, எங்கள் சங்கம். இங்கே ஒவ்வொரு ஆளும் ஒருமையில் பேசுகிறார். மார்ச் 28 அன்று ஊர்வலம் கிளம்பும் முன் எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. தெருவின் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆண்கள் நிற்கிறார்கள், எல்லார் கையிலும் ஒரே அட்டை. ஓர் அட்டையை மட்டும் பார்த்தால் ஒருவர் குரல். வரிசையாகப் பார்த்தால் கூட்டம். ஆனால் கூட்டம் ஆளை விழுங்கவில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியே "நான்" என்கிறார்கள். "நாங்கள்" என்று எழுதியிருந்தால் எண்ணிக்கை தெரிந்திருக்கும், முகம் தெரிந்திருக்காது.

சுவரொட்டிக்கும் கையட்டைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. சுவரொட்டி ஆள் இல்லாமல் பேசும், ராத்திரியில் ஒட்டிவிட்டுப் போய்விடலாம். கையட்டைக்கு மேலே ஒரு முகம் வேண்டும், கீழே இரண்டு கால் வேண்டும். "நான்" என்று சுவர் சொன்னால் பொருள் இல்லை. இந்த வாசகம் ஆள் பிடித்தால் மட்டுமே முழுமை பெறுகிற வாசகம்.

கட்டையும் கயிறும்

இனி, யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம். அட்டை மரக்கட்டையில் அறையப்பட்டிருந்தது. மார்ச் 28 ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கே முன்னே நடந்தார். ஆனால் இடையில் சில இளைஞர்கள் அதே கட்டைகளால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் தாக்கியது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். தேசியக் காவற்படையினர் சுமார் 4,000 பேர் நகரத்துக்குள் இறக்கப்பட்டார்கள். "நான் மனுஷன்" என்று சொன்ன அட்டையின் கட்டையே மறுதரப்புக்கு ஆயுதமாயிற்று. "பார்த்தீர்களா" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்தப் போராட்டத்தின் பக்குவம் தெரிகிறது. மார்ச் 29 படத்தில், துப்பாக்கிச் சனியன்களுக்கும் கவச வண்டிகளுக்கும் நடுவே தொழிலாளர்கள் ஒற்றை வரிசையில் நடக்கிறார்கள். அட்டையில் கட்டை இல்லை, கழுத்திலிருந்து மார்பில் தொங்குகிறது. கை வெறுங்கை. அட்டையை உயர்த்திப் பிடிப்பதைவிட மார்பில் அணிவது வலிமை கூடியது என்பது என் கருத்து. வாசகம் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. சுடுவதானால் அந்த எழுத்தின் மேல்தான் சுட வேண்டும்.

ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் வைத்தே கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8 அன்று அவர் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நடந்தார்கள். ஏப்ரல் 16 அன்று நகரம் சங்கத்தை ஏற்றது, சந்தாப் பிடித்தத்துக்கும் கூலி உயர்வுக்கும் இசைந்தது. 65 நாள் வேலைநிறுத்தம் முடிந்தது.

குறைகள்

திறனாய்வு என்றால் குறையையும் சொல்ல வேண்டும். மூன்று சொல்கிறேன்.

முதலாவது, அந்த "மேன்". ஆண்கள் செய்த வேலை, ஆண்களைக் குறித்த வசவு, ஆகவே ஆண்பால் சொல் வந்தது. அதன் காரணம் புரிகிறது. ஆனால் 65 நாள் சம்பளமில்லாத வீட்டை ஓட்டிய பெண்களுக்கு அந்த அட்டையில் இடமில்லை.

இரண்டாவது, அதன் பொதுமை. குப்பை வண்டியைப் பற்றியோ கோல், வாக்கர் என்ற இருவரைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. பொதுவாகச் சொன்னதால்தான் எந்த நாட்டிலும் எவரும் அதை ஏந்த முடிகிறது. அதே காரணத்தால்தான் எதற்காகச் சொன்னார்கள் என்பதை உலகம் மறக்கவும் முடிகிறது. வாக்கியம் ஊருக்குத் தெரியும், அந்த இருவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது அட்டையின் குறை அல்ல, பார்க்கிற நம் குறை. கிளென் லைகன் என்ற ஓவியர் 1988இல் அந்த வாசகத்தையே ஓவியமாக வரைந்தார். 2012இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அதை வாங்கியது. கலைக்கு மரியாதை, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் உயிரோடிருந்த சிலருக்கு முறையான நகராட்சி ஓய்வூதியம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு மெம்ஃபிஸ் நகரம் ஆளுக்கு 50,000 டாலர் அறிவித்தது 2017இல். பிறகு அது 70,000 ஆயிற்று. வாசகம் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆளுக்குப் பணம் வந்தது. அட்டையை மட்டும் தனியே எடுத்து ரசித்தால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகழ் பெற்ற அந்தப் படத்தை எடுத்த விதர்ஸ், அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர் என்பது 2010இல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து வெளியானது. அதனால் படம் பொய்யாகிவிடுமா? என் பார்வையில் ஆகாது. படத்தில் நிற்பவர்கள் விதர்ஸுக்காக நிற்கவில்லை. எடுத்தவர் யாராயினும் நின்றவர்களின் உறுதி அவர்களுடையது. மற்றொன்று, அட்டை அச்சான கிளேபார்ன் டெம்பிள் புதுப்பிக்கப்பட்டு வந்த நிலையில் 2025 ஏப்ரல் 28 அன்று தீயில் பெரிதும் அழிந்தது. வேண்டுமென்றே வைத்த தீ என்று விசாரணை சொன்னது. கட்டடமும் போகும், காகிதமும் போகும்.

நம் வாசலில்

இது எல்லாம் எங்கோ அமெரிக்கச் சங்கதி என்று மலரை மூடிவைக்க முடியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டமும் 2013இல் ஒரு சட்டமும் வந்தன. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, குழியில் ஆள் இறங்குவது நிற்கவில்லை. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பினர் பெஜவாடா வில்சன் தலைமையில் 125 நாள் நாடு சுற்றி 2016 ஏப்ரலில் தில்லி வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அட்டையில் இருந்த வேண்டுகோள்: எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்.

இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெம்ஃபிஸ்காரர் தன்னை யார் என்று சொல்கிறார். நம் நாட்டுத் தொழிலாளி எதிரே நிற்பவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறார். முதலாவது அட்டையைப் படிக்கிறவர் தலையசைத்துவிட்டுப் போகலாம். இரண்டாவதைப் படிக்கிறவர் அப்படிப் போக முடியாது, "நிறுத்துங்கள்" என்ற ஏவலுக்கு எழுவாய் அவரேதான். மெம்ஃபிஸ் அட்டை அழகில் பெரியது. நம் அட்டை கணக்குக் கேட்பதில் பெரியது. ஒன்றில் இல்லாத கோல், வாக்கர் மரணம் மற்றொன்றில் இருக்கிறது.

மேடைக்கு வெளியே ஒரு சின்ன விஷயம். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாம். வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்போம். குழந்தை "நீ" என்று சொன்னால் திருத்துவோம். ஆனால் காலையில் குப்பை எடுக்க வருபவரிடம் பேசும்போது ஹிந்திக்கு மாறுகிறோம். அந்த ஹிந்தியில் "ஆப்" வருவதில்லை, "தும்"கூட அபூர்வம், நேரே "தூ"தான். அவர் நம் அப்பா வயதாக இருப்பார். பெயர் தெரியாது, "கூடாவாலா" என்பதே பெயர். தமிழில் நாம் காப்பாற்றி வைத்திருக்கும் மரியாதைப் பன்மை, மொழி மாறும்போது எங்கே போகிறது? வேற்று மொழியில் நமக்குச் சரியாக வராது என்ற சமாதானம் எடுபடாது. மேலதிகாரியிடம் பேசும்போது "ஆப்" ஒருநாளும் தவறுவதில்லையே.

அந்த அட்டை மெம்ஃபிஸில் பதில் சொன்னது ஒரு விளிச்சொல்லுக்குத்தான் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். சட்டமும் சங்கமும் கூலியும் பெரிய விஷயங்கள், அவற்றை நடத்தப் பெரியவர்கள் இருக்கிறார்கள். விளிச்சொல் மட்டும் முழுக்க நம் வாயில் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு மசோதா வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு இந்த அட்டையின் படத்தைக் காட்டுங்கள், கோல், வாக்கர் என்ற இரண்டு பெயரையும் சொல்லிக்கொடுங்கள். பிறகு நாளைக் காலை வாசலில் வருபவர் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள், "ஆப்" சேர்த்து.